நைனாவின் வண்டியை மறித்தவள்

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சித்தூர் மாங்கூழ் ஆலையின் வாசலில், என் தங்கை எங்கள் நைனாவின் டிராக்டருக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். டிரெய்லர் நிறையப் பாலசமுத்திரத்து எங்கள் தோப்புத் தோத்தாபுரி மாம்பழம். ஓட்டுகிறவர் பக்கத்தில் மட்கார்டின் மேல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெற்ற மகள் வழிமறிப்பதை நம்ப முடியாமல் நைனா உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் திருப்பதிக் கல்லூரிகளில் என்னைக் கூப்பிட்டு, புதுத் தொழில் தொடங்குவது பற்றிப் பேசச் சொல்கிறார்கள். பிசினஸ் ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன சார் என்று எழுந்து கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இந்த ஒரு காட்சியைத்தான் சொல்கிறேன். வேறு சரக்கு என்னிடம் இல்லை, இருந்தாலும் அது இதைவிட உசத்தியாக இருக்காது.

எங்கள் பக்கத்தில் ரைத்துகள், அதாவது விவசாயிகள், மாம்பழ சீசனில் படுகிற பாடு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பழத்தைப் பறித்து லோடு ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோனால், வாசலில் இருந்து ரோடு முழுக்க டிராக்டர் வரிசை நிற்கும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வெயிலில் பழம் குழைந்துகொண்டிருக்கும். ஆனால் பெரிய தோப்புக்காரர் வண்டியோ, தெரிந்தவர் வண்டியோ வந்தால் மட்டும் வரிசை தானாக விலகி வழி விடும். எங்களுடையது கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பம். சொந்த மண் என்று ஒன்று வந்ததே நைனா காலத்தில்தான். தோப்பு வைத்த பிறகும், அந்த வரிசையில் அவருக்கு முன்னால் போய் யார் யாரோ நுழைவதை வருஷா வருஷம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இதை மாற்ற வேண்டும் என்று கிளம்பியது நான் இல்லை, என் தங்கை. திருப்பதியில் எம்.பி.ஏ. முடித்தவள், அங்கேயே சாஃப்ட்வேர் வேலையில் இருந்த என்னைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ரைத்து ஒரு நம்பருக்குப் போன் செய்தால் போதும், ஆலை வாசலில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று டோக்கன் வரும். அந்த நேரத்துக்கு வந்தால் நேரே உள்ளே போகலாம். நேரம் தவறினால் கடைசிக்குப் போக வேண்டும். யாராக இருந்தாலும் இதுதான் விதி. ஒரே ஓர் ஆலை மட்டும், சரி, இந்த சீசன் செய்து பாருங்கள் என்றது. மேனேஜரிடம் மூச்சுவிடாமல் பேசி அந்தச் சம்மதத்தை வாங்கியவளும் அவள்தான்.

தொடங்கிய வாரமே வாசலில் கூத்து. காலையில் வண்டிகள் முட்டிமோதும், பிறகு வாசல் காற்றாடும், மறுபடி கும்பலாக வந்து நிற்கும். இருவருமாகக் கம்ப்யூட்டரை நோண்டு நோண்டென்று நோண்டினோம். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ராகு காலத்தில் லோடு வண்டியைத் தோப்பிலிருந்து எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் வந்துசேரும் நேரத்தைக் கணக்கு வைத்தோம், புறப்படும் நேரத்தை வைக்கவில்லை. சின்ன வயதில், ராகு காலம் முடியட்டும் என்று செருப்பு மாட்டிய காலோடு வாசலில் காத்துக்கிடந்து பஸ்ஸைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் நாங்கள். இது எங்களுக்கே உறைக்கவில்லை என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அது உறைத்ததே அந்த வெள்ளிக்கிழமைதான். நைனாவின் டோக்கன் ஒரு மணிக்கு. அவரோ பன்னிரண்டு அடித்த பிறகே தோப்பிலிருந்து வண்டியை எடுத்து, இரண்டரைக்கு ஆலைக்கு வந்தார். வாசல் சூப்பர்வைசர் அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "நம்ம மேடத்தோட நைனா லோடுதானே? பர்வாலேது, பரவால்ல, முன்னால விட்டுடலாம்" என்று கேட்டைத் திறக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக நைனாவுக்கு வரிசை விலகியது. அவர் முகத்தில் ஏறிய களையை நான் பார்த்தேன். பார்த்தபின் அவரை நிறுத்த எனக்கு மனம் வந்திருக்காது. வரிசையில் நின்றவர்களோ எங்களைப் பார்த்தார்கள். இதுவும் பழைய கதைதானா என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டால், அன்றோடு எங்கள் டோக்கனுக்கு மதிப்பு போயிற்று, தொழிலும் போயிற்று.

அப்போதுதான் தங்கை குறுக்கே போய் நின்றாள்.

"நீ லேட்டு நைனா. கடைசில போய் நில்லு."

"ராகு காலத்துல எவன்மா லோடு எடுப்பான்?"

"டைம் அப்படிக் குடுத்தது எங்க தப்பு. அதை மாத்திடறேன். அதுக்கு இவங்க இன்னா பண்ணாங்க? இவங்களும் வெயில்லதான நின்னுக்கினு இருக்காங்க?"

அவள் விரித்த கை இறங்கவில்லை. நைனா டிரைவரின் தோளைத் தட்டினார். டிராக்டர் பின்வாங்கி, திரும்பி, ரோட்டின் கடைசிக்குப் போயிற்று. மறுநாள் காலையில்தான் அவர் முறை வந்தது. குழைந்துபோன பழத்தை ஆலைக்காரர்கள் கழித்து ஒதுக்கினார்கள். அதை வழியில் கொட்டிவிட்டு ஊருக்குப் போனவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை ஆலை பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "உக்காருண்ணா, புறப்படுற டைமைக் கேக்கற மாதிரி மாத்தலாம்" என்றாள். எனக்கு இரண்டு வயது இளையவள். அவளைப் பார்த்து அன்று எனக்கு வந்த கர்வம் இன்னும் இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம்.

நாங்கள் ஒரு விளம்பரமும் செய்யவில்லை. அப்பனையே திருப்பி அனுப்பிச்சிட்டாளாம் என்கிற பேச்சு அந்த வரிசையிலிருந்தே ஊர் ஊராகப் போயிற்று. அடுத்த வாரம் போன் ஓயவில்லை. இன்று பல ஆலைகளின் வாசலில் எங்கள் டோக்கன்தான். ஆனால் நாங்கள் ஜெயித்தோம் என்று எனக்குத் தெரிந்தது அதற்கெல்லாம் முன்னால், அந்த அடுத்த வாரத்திலேயே.

போன் எடுக்கும் பெண் வழக்கம்போல் பேரையும் ஊரையும் கேட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்ததும், பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றது. மகளின் சொந்த நம்பர் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர், எல்லாரும் கூப்பிடும் நம்பருக்குக் கூப்பிட்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு வண்டி எடுப்பீங்க?"

"வெள்ளிக்கிழமையாச்சே, ராகு காலத்துக்கு முன்னால, பத்தரைக்குள்ள எடுத்துடுவேன்மா."

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் தட்டியது. "நீங்க மேடத்தோட நைனாங்களா? மேடம் இங்கதான் இருக்காங்க, குடுக்கட்டுங்களா?"

"மேடம் எதுக்கும்மா? நான் ரைத்து. எனக்கு எந்த டைம் வருதோ, அந்த டோக்கனைப் போடு."