அமாவாசைப் பழம்

இன்று அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அண்ணனும் நானும் வலங்கைமானிலிருந்து கோடியக்கரை போயிருந்தோம்.

கடலில் முழுக்குப் போட்டுத் திரும்பும்போது, காட்டு ரோட்டில் அண்ணன் காரை நிறுத்தினான். ஓரத்தில் குரங்குகள். அவற்றுக்காகவே வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தான்.

காக்கி உடுப்பில் இருந்த வனக்காவலர், ஒரு பெண், கம்போடு ஓடி வந்தார்.

“அண்ணே, ரோட்டுல போடாதீங்க. பழத்துக்குப் பாய்ஞ்சு வண்டில அடிபட்டுடுதுங்க.”

“எங்கப்பாவுக்காகப் போடுறேம்மா. எங்க சொந்த வயல்ல மண்ணள்ளவே கவர்மெண்ட்டு ஆளுங்க பர்மிஷன் கேக்குறீங்க. இப்ப புண்ணியத்துக்குமா?” என்று கேட்டபடியே ஒரு சீப்பை வீசினான்.

குட்டி ஒன்றுதான் முதலில் குதித்தது. எதிரே வந்த வேனுக்கு பிரேக் பிடிக்க நேரமில்லை.

அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, தாய்க்குரங்கு வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை தள்ளி நின்றார். பிறகு பழத்தைப் பொறுக்கி அண்ணனிடமே கொடுத்தார்.

“அமாவாசைன்னாலே எங்களுக்குப் பயம்ண்ணே. எப்பவும் நாங்கதான் குழி வெட்டிப் புதைப்போம். இன்னிக்கு தாயே தூக்கிட்டுப் போயிடுச்சு.”

அண்ணன் அதைப் பின்சீட்டில் வைத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு விட்டான்.

காக்கைக்குச் சோறு வைத்தோம். உடனே வந்து எடுத்தது. “மாமா திருப்தியாயிட்டாரு” என்றார் அண்ணி. அண்ணன் சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான்.

அந்தச் சீப்பு இப்போது மேசைமேல் இருக்கிறது. அதை என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

புண்ணியம் மட்டும் வேண்டாம்.