இடப்பக்கம் சாய்ந்த கூட்டம்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. படகுத்துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டகடகக்கா. அவள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் மேசைமேல் இருக்கும் தேநீர்க் குவளை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். வெளியே ஆலங்கட்டி மழை என்று குடை விரித்தவர்களும் உண்டு. நம்பாவிட்டால் போங்கள், விரித்தவரே சொன்னது.

இளவயதில் அவள் கற்றுக்கொண்ட தட்டச்சுப் பொறி ஒரு கஞ்சன். ஒன்று என்ற எண்ணுக்கு அதில் விசையே கிடையாது. ஆங்கிலச் சின்ன ‘எல்’லைத் தட்டினால் அதுதான் ஒன்று, ‘ஓ’வைத் தட்டினால் அதுதான் சைபர். காகிதத்தில் எவன் கண்டான் வித்தியாசத்தை? இரண்டையும் அடிப்பது வலக்கை மோதிர விரல். அந்த விரலை நம்பித்தான் வேலைக்கு வந்தாள், தங்கையைக் கட்டிக்கொடுத்தாள், தம்பியைப் படகோட்டப் படிக்கவைத்தாள். மேசைக்குக் கணினி வந்த பிறகும் விரல் பழைய வழியிலேயே போனது. கடிதம் அடிக்கும்வரை ஒரு வம்பும் இல்லை.

இந்த வருஷம் பயணிகள் கணக்கைக் கணினியில் எக்செல் அட்டவணையாக ஏற்றச் சொன்னார்கள். டிக்கெட் கட்டுகளைப் பார்த்து ஒன்றுவிடாமல் அவளே ஏற்றினாள். கூட்டிப் பார்த்தால், விடியற்காலைப் படகில் ஈ காக்கை இல்லை! அக்கரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் நம்பியிருக்கும் படகு அது. ஓட்டுவது அவள் தம்பி.

மேலாளர் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீங்க ஏத்தின கணக்குதானே இது? மொத்தத்தை நாள் கணக்கால வகுத்தா பத்துப் பேர்கூடத் தேறல. காலிப் படகை ஓட்டி மீனுக்கு வேடிக்கை காட்டவா? மத்தியானக் கூட்டத்துல நிறுத்திடப் போறோம்.”

“சார், அந்தப் படகுல முன்னாடி ஒருத்தர் தும்மினா பின்னாடி நிக்கிறவர் தண்ணில விழுவார் சார்!”

“அப்ப கணக்கு பொய் சொல்லுதா?”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். கணக்கு பொய் என்றால் கை பொய்.

இடத்துக்கு வந்து திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது, ஈரப் பூட்ஸோடு தம்பி உள்ளே வந்தான்.

“என்னக்கா, மூஞ்சில ஈயாடல?”

“உன் படகுக்குச் சங்கு ஊதப் போறாங்கடா. கணக்குல ஆளே இல்லையாம். கூட்டம் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு.”

“நான் ஏத்துன ஜனமெல்லாம் எங்க போச்சு? நடு ஆத்துலயா எறக்கிவிட்டேன்?” என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “அதென்னக்கா, கொஞ்ச எண்ணுதான் வலது ஓரமா இருக்கு, மிச்சமெல்லாம் இடது பக்கமா சாஞ்சு நிக்குது? என் படகுல இப்படி நின்னா கவுந்துடும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. வலப்பக்கம் நின்றவை 58, 64, 79. எல்லாம் மழை கொட்டிய நாள்கள். நூற்றைத் தொட்டதெல்லாம் இடப்பக்கம், சைபரில் முடிந்த சின்ன எண்களும் அங்கேதான். நூற்றைத் தொட ஒன்று வேண்டும். ஒன்றுக்கு...

மோதிர விரல் தானாகப் போய் ‘எல்’மேல் உட்கார்ந்தது.

“அடப் பாவி!”

“நான் என்னக்கா செஞ்சேன்?”

“உன்னை இல்லடா, இவனை!” என்று விரலை நீட்டிக் காட்டினாள்.

மனிதக் கண்ணை ஏமாற்றலாம், எக்செல்லை முடியாது. ஓர் எழுத்து கலந்தாலும் அதை எண் என்று ஏற்காமல் இடப்பக்கம் ஒதுக்கிவிடும், கூட்டலிலும் சேர்க்காது. படகு நிரம்ப நிரம்பக் கணக்கு காலியானது அப்படித்தான்.

திரையில் ஒரு கட்டத்துக்குள் போய், விசைப்பலகை மேல்வரிசையில் இருந்த ‘1’ஐத் தட்டி 143 என்று திருத்தினாள். டபக்கென்று வலப்பக்கம் தாவியது. தேதிப் பத்தியைத் தொடாமல் பயணிகள் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘எல்’ எங்கிருந்தாலும் ஒன்றாக மாற்று என்றாள். பெருங்கூட்டம் எழுந்து வலப்பக்கம் ஓடியது. அடம்பிடித்து நின்றவற்றில் ‘ஓ’ ஒளிந்திருந்தது. அதையும் சைபராக்கினாள். அடியில் கூட்டுத்தொகை பொங்கிய பால்போல் ஏறியது.

தம்பி விசில் அடித்தான். அச்சடித்த புதுக் கணக்கையும் டிக்கெட் கட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே அவள் கூட்ட அறைக்குள் நுழைந்தாள்.

“எப்படிம்மா அதுக்குள்ள இத்தனை ஜனம் ஏறுச்சு?” என்றார் மேலாளர்.

“எப்பவோ ஏறியாச்சு சார். எண்ணா ஏத்த வேண்டியவங்களை நான்தான் எழுத்தா ஏத்திட்டேன். நம்பலைன்னா ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க, டிக்கெட்டை எண்ணிக் காட்டறேன்.”

அவர் ஒரு நாளின் டிக்கெட் கட்டை உருவினார். எண்ணினார். சரியாக இருந்தது. இன்னொன்றையும் எண்ணினார். கண் அகலமாகியது.

“ஏம்மா, இந்தப் படகு தாங்கறதே நூத்துப்பத்துப் பேர்தானே? தினம் நூத்துநாப்பதா ஏத்துறான் உங்க தம்பி?”

கதவுக்குப் பின்னால் நின்ற தம்பி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான்.

“அதனாலதான் சார் சொல்றேன்,” அவள் கண்ணிமைக்கவில்லை. “விடியக்காலைல ரெண்டு படகு விடணும்.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். மேலாளர் படகை நிறுத்தும் உத்தரவைக் கிழித்துவிட்டு, இரண்டாவது படகுக்குக் கையெழுத்துப் போட்டார்.

“அக்கா, ஒண்ணைக் காப்பாத்தப் போயி ரெண்டா வாங்கிட்டு வந்துட்டியே!”

“வாயைப் பொளந்துட்டு நிக்காத. போயி அந்தப் படகைக் கழுவி வை. விடிஞ்சா ஜனம் வந்துடும்.”