அக்கம்மாள் சுனை

மலையடிவாரத்துத் தேவாரம் ஊர் அக்கம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நடை அதைவிட நீளம் என்று நான் சொல்வேன். அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றி மலையேறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு மறுநாளே திரும்பிவிடுவாள். எந்தப் பாறை வழுக்கும், எங்கே யானை நிற்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அதனால்தான் சர்க்கார் சர்வேக்காரர் அவளை வழிகாட்ட அழைத்தார். எல்லைக் காவலுக்காக மலையைப் படமாக எழுதுகிறார்களாம். சர்க்காரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்களாம். மூன்று நாள் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவள் பேரை மட்டும் கேட்கவே இல்லை. "ஏ பொம்பளை"தான்.

ஏற்றத்தின் நடுவே இருந்த ஒரே சுனையைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்றார். அதற்குப் பேரே கிடையாது.

"அக்கம்மாள் சுனை" என்றாள், சிரிக்காமல். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அவள் சுமையோடு ஏறிவந்தபோது, சுனையைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத் தோட்டக் கம்பெனியாம். கையில் ஒரு படத்தோடு கம்பெனிக் கணக்கெழுதும் ரைட்டர் வைகுண்டராஜ் நின்றார். அந்தத் தண்ணீர் இல்லாமல் சுமைக்காரப் பெண்கள் ஏற்றத்தைத் தாண்ட முடியாது. பிழைப்பே போய்விடும்.

"இந்தச் சுனை இங்கன இருக்குன்னு யாரு சொன்னாக?"

"சர்க்கார் படம்மா இது. கம்பெனிக்கு நகல் குடுத்திருக்காங்க."

"எங்கிட்டக் கேட்டு எழுதிட்டு, ஒங்களுக்கா குடுத்தாக?" மூன்று நாள் வாய் வலிக்கச் சொன்னது இதற்குத்தானா? பிறகுதான் அந்தக் குறும்பு நினைவுக்கு வந்தது. "சுனைக்கு என்ன பேரு போட்டிருக்கு? சத்தமா வாசிங்க."

"அக்கம்மாள் சுனை. கம்பெனி எல்லையே இதிலிருந்துதான் ஆரம்பம்."

பின்னால் வந்த பெண்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"எம் பேரு என்னன்னு இவளுககிட்டக் கேளுங்க!"

கேட்டார். முகம் சுருங்கியது. "பேரு இருந்தா சுனை உன்னுதாயிடுமா?"

"ஆகாதுன்னா பேரு பொய்யி. பேரு பொய்யின்னா எல்லையும் பொய்யி. வாங்க, சர்க்கார் கச்சேரிக்குப் போயி மாத்தி எழுதச் சொல்லுவம்."

ரைட்டருக்கு வேர்த்துவிட்டது. எல்லையைக் கிளறினால் கம்பெனித் துரை அவரைச் சும்மா விடுவாரா? தலைச்சுமையோடு ஒருத்தி நுழையும் அகலத்துக்கு அன்றைக்கே வேலியைப் பிரித்துவிட்டார்கள்.

கூட வந்த சுமைக்காரி பாண்டியம்மாள் கேட்டாள், "ஏ அக்கம்மா, ஒன் சுனையில ஒரு வாய் குடிச்சுக்கிறவா?"

"குடி ஆத்தா. நம்மகிட்டக் களவாண்டதுல இது ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சே!"

சொல்லிவிட்டு, தன் பேர் கொண்ட தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள்.