வால் மறைத்த விளமீன்

உலகத்திலேயே செல்போன் திரையை மோந்து பார்த்து, அதற்குள் நிற்கும் வண்டியின் வயசைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இனயம் செசிலிதான். ஜப்பானில் வண்டி செய்கிறவர்களுக்கு இந்தச் சேதி எட்டியிருந்தால், தொழிற்சாலையைப் பூட்டிச் சாவியை அவளுடைய மீன் சருவத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்களும் கொளுத்துவதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அன்றைக்கும் மோந்துகொண்டுதான் நின்றாள். பக்கத்து ஊரான கருங்கல் சந்தையில் மீன் விற்றுத் திரும்பிய கோலம். காலி அலுமினியச் சருவம் இடுப்பில். டிஜோவின் போனை மூக்குக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். திரையில் ஒரு பழைய லோடு ஆட்டோ பளபளவென்று நின்றது. ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி என்று கீழே எழுதியிருப்பதை டிஜோ வாசித்தான்.

“டாக்டருக்கு எதுக்குலே லோடு ஆட்டோ? நோயாளிய அள்ளிப் போடவா?” என்றாள் செசிலி. “இது ஐஸ் வச்ச படம் மக்கா. அடுத்தத தள்ளு.”

மூன்று நாள் மீனை ஐஸில் வைத்து இன்று காலை பிடித்தது என்று விற்பார்கள் அல்லவா, அதுபோல எப்போதோ எடுத்த படத்தை இன்றைய வண்டி என்று காட்டினால் அது அவளுக்கு ஐஸ் வச்ச படம். போனிலிருந்து வாசம் வராது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூக்கை வைத்தால்தான் தனக்குக் கண் திறக்கும் என்பாள்.

டிஜோ பக்கத்து வீட்டுப் பையன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். ஊரில் எந்த வீட்டுக் கோழி காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் விசாரிப்பார்கள். செசிலிக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது என்பதால் வண்டி விளம்பரங்களை வாசித்துச் சொல்லும் வேலை அவனுக்கு. இதை எழுதுகிறவனும் அவன்தான். அதனால் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கவும்.

செசிலிக்கு நாற்பத்தாறு வயசு. யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், கழுத்தைப் பார்ப்பாள். மீனின் செவிளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். கழுத்தில் துடிக்கும் நரம்பை வைத்து ஆள் பொய் சொல்வதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஊருக்குள் பேச்சு. விற்கிற ஒவ்வொரு பெரிய மீனுக்கும் வாலில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டுத்தான் கொடுப்பாள். வேறு யாரிடமோ வாங்கிய அழுகல் மீனைத் தூக்கிக்கொண்டு தன்னிடம் சண்டைக்கு வரக்கூடாதே. வெட்டு இல்லாத வால் அவளுடைய மீன் இல்லை. அங்கே பேச்சு முடிந்தது.

இடுப்பில் தொங்கும் பைக்குள் ஜெபமாலையோடு ஒரு டிரைவிங் லைசென்ஸ் கிடக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரம் மஞ்சளாகிவிட்டது. கருங்கலில் மூன்று மாதம் படித்து வாங்கியது. லைசென்ஸ் வந்து இரண்டு வருஷம் ஆகியும் வண்டி வரவில்லை. கடற்கரையில் வலை தைக்கிற ஆண்கள் அவளைக் கண்டால் வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள். அவள் நின்று, லைசென்ஸை எடுத்து, போட்டோவுக்கும் தனக்கும் பொருத்தம் பார்த்துவிட்டு நடப்பாள்.

வண்டி அவளுக்கு ஆடம்பரம் இல்லை. சருவத்தைக் கண்டால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப்போய்த்தான் நிற்கும். ஏறிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். இதையெல்லாம் இருபது வருஷம் பொறுத்தாயிற்று. பொறுக்காதது முழங்கால்தான். இனிமேல் தலைச்சுமை ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஈஸ்டருக்குள் வண்டி அமையாவிட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு, தங்கை கூப்பிடுகிற இறால் கம்பெனிக்கு வடக்கே ரயில் ஏறவேண்டியதுதான். அங்கே நாள் முழுக்க நின்று இறால் உரிக்க வேண்டும். யாரிடமும் விலை பேச முடியாது. விலை பேசாமல் செசிலியால் ஒரு நாள் இருக்க முடியும் என்று டிஜோவுக்குத் தோன்றவில்லை.

2016 பிறந்தபோது பதினொரு வண்டிகள் பார்த்து முடித்திருந்தாள். வடசேரிக்குப் போய்ப் பார்த்த வண்டி படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. செசிலி குந்தி உட்கார்ந்து, அடியில் கையை விட்டு, இரும்புச் சட்டத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தாள். புதுப் பெயின்டுக்குக் கீழே உப்பு. மீன் தண்ணீர் குடித்த இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது என்று எழுந்துவிட்டாள். மணவாளக்குறிச்சியில் ஒருவர், வண்டி மலையோரத்தில் மட்டுமே ஓடியது, கடலையே கண்டதில்லை என்றார். டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கி உதறியதும் கடற்கரைக் கருமணல் கொட்டியது. இன்னொரு வண்டிக்கு எல்லாம் சரி; ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருந்த ஆள் மட்டும் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. “அப்ப கையெழுத்துக்குக் கல்லறைக்குப் போணுமா அண்ணாச்சி?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்தாள்.

இதற்கிடையில்தான் டைட்டஸ் ஏமாந்தான். அதே ஊர்க்காரன், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவன். பட்டாளத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிப் போவதாகவும், கார் விமான நிலையத்தில் நிற்பதாகவும் ஒருத்தன் இணையத்தில் விளம்பரம் போட்டு, சீருடைப் படமெல்லாம் அனுப்பினான். கொண்டுவந்து சேர்க்கும் செலவு என்று இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டு, டைட்டஸ் விமான நிலைய வாசலில் ஒன்றரை நாள் நின்றான். கார் வரவில்லை. ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லாமல், செசிலியிடம் மட்டும் சொல்லி அழுதான்.

அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்னால், விற்கிற ஆள் வண்டியின் மேல் ஒரு பச்சை மீனை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மீனின் கண்ணைப் பார்த்து அது எத்தனை மணி நேரத்து மீன் என்று அவள் சொல்லிவிடுவாள். படம் இன்றைக்கு எடுத்ததா, வண்டி உண்மையிலேயே அந்த ஆள் கையில் இருக்கிறதா, இரண்டும் அதில் தெரிந்துவிடும். கள்ளன் மீனுக்கு எங்கே போவான்?

டிஜோ சிரித்துக்கொண்டேதான் போன் செய்தான். மீன் என்றதும் முக்கால்வாசிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் மறுநாளே விளம்பரத்தையும் எடுத்துவிட்டதைப் பார்த்தபிறகு அவன் சிரிப்பதை நிறுத்தினான்.

சிக்கல் குலசேகரத்து சுந்தர்சிங்கால் வந்தது. ரப்பர் தோட்டக்காரர். விளம்பரத்தில் பளபளப்பு இல்லை. இடது பக்கக் கதவு சரியாக அடையாது என்று அவரே எழுதியிருந்தார். அப்படி எழுதுகிற ஆளை டிஜோ அதுவரை பார்த்ததில்லை. ஆனால் மீன் படம் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏலே, நான் வண்டி விக்கேனா, மீன் விக்கேனா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

மீன் இல்லாமல் தான் வரமாட்டேன் என்று செசிலி சொல்லிவிட்டாள். ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தங்கை வீட்டிலிருந்து ரயில் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டாகிவிட்டது.

சனிக்கிழமை காலை டிஜோவின் அம்மா செசிலியிடம் ஒரு விளமீன் வாங்கி, சட்டியில் போட்டு மூடிவைத்துவிட்டு மசாலா அரைக்கப் போனாள். திரும்பி வந்தபோது சட்டி காலி. பூனைக்கு விளக்குமாற்றால் அடி விழுந்தது. அந்த நேரம் விளமீன் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஐஸோடு குலசேகரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் டப்பாவைப் பார்த்தார், டிஜோவைப் பார்த்தார், பின்னால் போய் நிற்கச் சொன்னார். பக்கத்து சீட்டுப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். ஒன்றரை மணி நேரம். டிஜோ வழியில் ஒரு சேட்டையும் செய்யவில்லை.

போனில் மீன் கேட்டது தான்தான் என்பதை மறைத்து, வண்டி பார்க்க வந்ததாகச் சுந்தர்சிங்கிடம் சொன்னான். சுந்தர்சிங் புத்தகத்தைக் காட்டினார். பேரும் அடையாள அட்டையும் ஒத்துப்போயின. எதிர்க் கடைக்காரரும் வண்டி அவருடையதுதான் என்றார். இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடி சுந்தர்சிங் உள்ளே போன சமயத்தில், பின்னால் சரக்கு வைக்கும் தட்டில் மீனைக் கிடத்திப் படம் எடுத்தான். வாலில் செசிலியின் வெட்டு இருந்தது. தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து வாலை மூடினான். தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. திரும்பி வருவதற்குள் மீன் கெட்டுவிட்டதால் பூனைக்கே போட்டான். காலையில் வாங்கிய அடிக்கு அது நியாயம்.

சுந்தர்சிங் அனுப்பியதாகச் சொல்லிப் படத்தைக் காட்டினான். செசிலி போனை வாங்கி வழக்கம்போல மோந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மோந்தாள். செவ்வாய்க்கிழமை போகலாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை சுந்தர்சிங் வீட்டு முற்றத்தில் அவள் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். குந்தி, அடியில் தடவி, நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டாள். அடையாத கதவை நான்கு முறை அடைத்துப் பார்த்தாள், எழுதியிருந்தபடியே அடையவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு பின்தட்டில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்று மூக்கை உயர்த்தினாள்.

“இதுல மீன் ஏறியிருக்கு அண்ணாச்சி.”

சுந்தர்சிங்கின் முகம் சிவந்தது. கர்த்தர் அறிய ரப்பர் ஷீட்டைத் தவிர வேறொன்றும் அந்தத் தட்டில் ஏறியதில்லை என்றார். மனைவி ஜெப்சியை வாசலுக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தார். செசிலி இறங்கி, சேலையை உதறினாள். ஒரு பொய் சொன்ன ஆளிடம் எதையும் வாங்கக்கூடாது என்பது அவள் வழக்கம். பதினொரு வண்டிகளையும் அவள் விட்டது சேலையை இப்படி உதறிவிட்டுத்தான்.

டிஜோ மனசுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால், டைட்டஸ் அழுததிலிருந்து அவள் நம்பியிருந்த ஒரே சட்டத்தை அவன் ஏமாற்றியது வெளியே வரும். சொல்லாவிட்டால் இந்த வண்டி போகும். அவளும் ரயில் ஏறுவாள். “சித்தி” என்று கூப்பிட்டான்.

“என்னலே?”

“அவரு கள்ளம் பறையல்ல சித்தி. மீன் கொண்டுவந்தது நானாக்கும்.”

செசிலி பின்தட்டின் மூலையில் நகத்தை விட்டு எதையோ நோண்டி எடுத்தாள். காய்ந்த செதில் ஒன்று. அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு டிஜோவின் கழுத்தைப் பார்த்தாள்.

“இத நீ சொல்லுகியா இல்லியான்னுதான் பாத்துட்டு நிக்கேன்,” என்றாள். “வால மறச்சு எவம்லே மீனப் படம் புடிப்பான்? போனுல பாத்த அண்ணைக்கே தெரியும், இது எனக்க மீனு.”

“பொறவு எதுக்கு வந்திய?”

“நீ இவ்வளவு தூரம் வந்து வண்டிய நேர்ல பாத்திருக்கியே. அதுக்கு மேல எனக்கு எவன் படம் வேணும்?”

சுந்தர்சிங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. செசிலி அவர் பக்கம் திரும்பி, பேர் மாற்றுகிற காகிதத்தை முதலிலும் சாவியை அப்புறமும் எடுத்துவரச் சொன்னாள். அவர் உள்ளே போனதும் இடுப்புப் பையைத் திறந்து, மஞ்சளாகிப்போன லைசென்ஸை வெளியே எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்தச் செதிலை டிஜோவின் நெற்றியில் அழுத்தி ஒட்டினாள்.