அக்காவுக்குப் பழுதில்லாத ஒரு போர்வை

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது நான்தான். துணியில் அச்சுக்கட்டை பதிக்கிறவர். பருத்தித் துணியை மேசைமேல் இழுத்து விரித்து, கட்டையைச் சாயத்தில் தொட்டு வைத்து, உள்ளங்கையால் ஒரு குத்து. பூவும் இலையும் விழும். அந்தக் குத்துச் சத்தம்தான் அத்தானுடைய மொத்தப் பேச்சும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

நல்ல துணியெல்லாம் கடைக்குப் போகும், பழுதானது வீட்டுக்கு வரும். அதுதான் அவர் சட்டம். அக்கா வீட்டு ஜன்னல் திரையில் பூவெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். தலையணை உறையில் பாதிப் பூதான் இருக்கும். மேசை விரிப்பில் அத்தானின் ஐந்து விரலும் பளிச்சென்று தெரியும். இத்தனை காலம் இதையெல்லாம் துவைத்துக் காயப்போட்ட அக்காவுக்குப் போன வருஷம் பொறுமை போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் நல்லது, எனக்கு மட்டும் கழிச்சுப் போட்டதா? சாகறதுக்குள்ள பழுதில்லாம ஒரு போர்வை போட்டுக் குடுங்க."

அத்தான் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து கடை வேலை முடிந்த பிறகும் பட்டறையில் குத்துச் சத்தம் கேட்டது. நீலத்தில் இலை, சிவப்பில் மொக்கு. கட்டையும் கட்டையும் சேருகிற இடத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை. குறை சொல்லியே வளர்ந்தவள் நான், எனக்கே சொல்ல ஒரு குறை கிடைக்கவில்லை. காய்கிற போர்வைக்குக் கீழேயே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

போதாத காலம், அன்றைக்கென்று கலைக்கூடம் நடத்துகிற அம்மா ஒருவர் பட்டறைக்கு வந்தார். இது போர்வையே இல்லை, ஓவியம், சுவரில் மாட்ட வேண்டியது, நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே முடிவு கட்டிவிட்டுப் போனார். முடியாது என்று சொல்ல அத்தானுக்கு நா எழவில்லை. அக்கா உள்ளே போய், பாதிப் பூத் தலையணையில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அத்தானை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

மனிதர் எழுந்து பட்டறைக்குப் போனார். பெருவிரலை நீலச் சாயத்தில் தோய்த்துப் போர்வையின் மூலையில் அழுத்தினார். பழுதான துணி வெளியே போகாது அல்லவா? வேண்டாம் என்று சொல்லக் கூசிய மனிதர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள்.

காலையில் அந்த அம்மாவுக்குக் கறையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கலைஞரே கைநாட்டு வைத்திருக்கிறாராம், இனி இதற்கு மதிப்பே தனியாம். மடிக்கவே ஆரம்பித்துவிட்டார். அத்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இது தர்றதுக்கில்லைம்மா. என் வீட்டுக்காரிக்குன்னு போட்டது."

வந்தவர் போனதும் அக்கா அந்த மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"இந்த ஒரு வார்த்தையை நேத்தே சொல்லியிருந்தா என் போர்வை பழுதாகாம இருந்திருக்கும்ல?"

வேறொன்று போட்டுத் தருவதாக அத்தான் கையால் ஜாடை காட்டினார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நீல விரல் இப்போதும் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. தெரியாமல் கால்பக்கம் திருப்பி விரித்துவிட்டால் எழுந்து சரிசெய்த பிறகுதான் தூங்குகிறாள்.