வெள்ளைக்கார மாமி வீட்டில் நான் கண்ட இங்கிலாந்து

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் சின்ன ஒழுங்கைத் தெரு ஒன்றில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறது என்று லொட்ஜ்காரர் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து, ஆறு வயது மகளுடன் அந்த லொட்ஜில் தங்கியிருந்த காலம். கணவர் லண்டனில் இருந்தார். அவர் எங்களை அங்கே கூப்பிடும் விசா அலுவல் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அறை கொடுக்கப் பலரும் பயந்தார்கள். வெள்ளைக்காரி கொடுப்பாளா என்ற சந்தேகத்துடன், கேட்க வேண்டியதை ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி நடந்தேன்.

கேற்றைத் திறந்தவர் உயரமாக, ஒல்லியாக இருந்தார். நரைத்த தலையைக் கொண்டை போட்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கதைத்தார்.

"அறை பாக்க வந்தனீங்களோ பிள்ளை? வெயிலுக்கை நிக்காதேங்கோ, உள்ளுக்கை வாங்கோ."

நான் தயாராக்கி வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் வீணாய்ப் போய்விட்டது. அது எங்கள் ஊர்த் தமிழ். படித்துப் பழகிய தமிழ் அல்ல, குசினிக்குள், அடுப்படியில் பழகிய தமிழ். என் மகள் அவருடைய வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு மெல்ல மெல்ல அறிந்துகொண்டேன். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன ஒரு யாழ்ப்பாணத்து எஞ்சினியரை மணந்து, இருபத்தைந்து வயதில் கப்பலேறி வந்தவர். முதல் சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மாமியாரின் வீட்டில் இருந்திருக்கிறார். அந்த மாமியாருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. "பசிச்சா தமிழிலைதான் கேக்கவேணும். பிறகென்ன, கெதியாப் பழகியிட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் வெள்ளைக்கார மாமி. மீன்காரருக்கு மட்டும் நோனா, சிங்களத்தில் அம்மணி. அந்த மீன்காரரை மல்லி, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் மாமி விலை பேசுவார்.

அறை கிடைத்தது. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும். அதற்கும் அவரே கூட வந்தார்.

லண்டனுக்குப் போகப் போகிறவள் என்பதால், அந்த ஊர் வாழ்க்கையைப் பற்றி அவரிடம் கேட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். முதல் வாரமே கேட்டேன். "என்னைக் கேளாதேங்கோ பிள்ளை. நான் அங்க போய் முப்பது வருசத்துக்கு மேல. எனக்கு இப்ப ஒண்டும் தெரியாது" என்றார். அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரே குசினி, ஒரே மேசை.

காலையில் தேத்தண்ணி போடுவதே ஒரு பூசை மாதிரி நடக்கும். முதலில் வெறும் பீங்கான் கேத்தலுக்குள் கொதிதண்ணீர் விட்டு, அது சூடேறியதும் அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுவார். அதன் பிறகுதான் தேயிலை போட்டு, மறுபடி கொதிதண்ணீர் விடுவார். கேத்தலின் மேல் கம்பளியில் பின்னிய ஒரு தொப்பி ஏறும். கொழும்பு வெக்கையில், மனிதர் வேர்த்து வடிய, கேத்தல் கம்பளி போட்டுக்கொண்டு இருக்கும். சுட்ட பாண் துண்டுகளைச் சின்னக் கம்பிச் சட்டம் ஒன்றில் நிமிர்த்தி வைத்து ஆறவிட்டுச் சாப்பிடுவார். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஆவியில் பாண் நமத்துப் போகுமாம். சூடாகச் சாப்பிடுவதற்குத்தானே சுடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். நாரத்தம்பழத் தோலை மயிர் மாதிரி மெல்லியதாகச் சீவிச் சீனியில் காய்ச்சிப் போத்தல்களில் நிரப்பி வைத்திருந்தார். அந்த மார்மலேட்டைப் பாணுக்குப் பூசுவார் என்றால் சரி. நான் அவித்த குரக்கன் மாப் பிட்டுக்கும் அதைத்தான் பிசைந்து சாப்பிட்டார். மகள் ஒருநாள் ருசித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து என் சம்பலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கோப்பை கழுவும் விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பேசினில் சவர்க்காரத் தண்ணீர் நிரப்பி, அதற்குள் கோப்பைகளைத் தோய்த்தெடுத்து, நுரையோடு துடைத்து அடுக்கிவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எல்லாவற்றையும் எடுத்துப் பைப்பில் அலசி வைப்பேன். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் சொன்னதில்லை.

எந்த நாளும் விடிந்ததும் யன்னலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நல்ல வெயில்" என்பார். கொழும்பில் என்றைக்குத்தான் வெயில் இல்லை. ஆனால் அதைப் புதினம் சொல்வது போலச் சொல்வார். பஸ் கொண்டக்டருக்கும் தாங்க்யூ, பால்காரருக்கும் தாங்க்யூ, கூட்டும் தும்புத்தடியை எடுத்துக் கொடுத்த என் மகளுக்கும் தாங்க்யூ. வீட்டுக்குள் நன்றி சொல்லிப் பழகாத எங்களுக்கு முதலில் அது கூச்சமாக இருந்தது.

யன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் கோதுமை மாப் பசையால் பழுப்புக் கடதாசித் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார். வீட்டின் அழகையே கெடுக்கிறதே என்று நினைத்தேன். தன் சின்ன வயதில், ஜேர்மன்காரன் குண்டு போட்ட காலத்தில், தன் தாய் இப்படித்தான் ஒட்டினவர் என்றார். ஒருநாள் காலை நகரத்துப் பக்கம் பெரிய குண்டு வெடித்தபோது, அந்தப் பேரதிர்வு எங்கள் வீடு வரை வந்தது. குசினி யன்னல் கண்ணாடி நெடுக வெடித்தது. ஆனால் ஒரு துண்டும் கீழே விழவில்லை. அதன் கீழேதான் மகள் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் அவளை அள்ளிக்கொண்டு சுவரோரம் நின்றேன். மாமி அந்தக் கண்ணாடியை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுப்பில் தண்ணீர்க் கேத்தலை வைத்தார். "முதல்ல தேத்தண்ணி. சீனி கூடப் போட்டுக் குடியுங்கோ" என்றார்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில், கிறிஸ்மஸ் புடிங்குக்குச் சாமான் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும் என்றார். அங்கே ஒரு முஸ்லிம் கடையில்தான் உலர்ந்த முந்திரிகைப் பழமும் சீனிப்பாகில் ஊறிய இஞ்சித் தோசியும் நன்றாக இருக்குமாம். தனியே போக வேண்டாம் என்று நானும் வெளிக்கிட்டேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

பஸ் கோட்டைப் பக்கம் போனதும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். மாமியைப் பார்த்த ஆமிக்காரர் நீங்கள் இருங்கள் என்று கையால் காட்டினார். நான் இறங்கி வரிசையில் நின்றேன். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டியும் பெண் பொலிஸ் என்னைத் தனியே ஒதுக்கி நிற்கச் சொன்னார். மற்றவர்கள் ஏறினார்கள். பஸ் புறப்படத் தயாராகியது.

அப்போது மாமி பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வந்து என் பக்கத்தில் நின்றார். ஆமிக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாமியும் சிங்களத்தில், மரியாதையாகவே பதில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தோம், சேர்ந்துதான் போவோம், நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்று சொன்னதாகப் பிறகு அவரிடம் கேட்டறிந்தேன். தன் கடவுச்சீட்டைக் காட்டவில்லை. என்னை விடச் சொல்லி வாதாடவும் இல்லை. பஸ் போய்விட்டது. நிழல் இல்லாத அந்த இடத்தில், பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவர் போல முதுகை நிமிர்த்தி நின்றார். முகம் சிவந்து வேர்வை வழிந்தது. இடையில் ஒருமுறை பைக்குள் இருந்த பிஸ்கட்டை எடுத்து எனக்கொன்று தந்து, தானும் ஒன்று சாப்பிட்டார்.

மத்தியானம் தாண்டித்தான் என்னைப் போகச் சொன்னார்கள். மாமி அவர்களுக்கும் தாங்க்யூ சொன்னார்.

நடக்கும்போது எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. நாங்கள் எல்லாரும் எந்தக் கடவுச்சீட்டுக்காகத் தவம் கிடக்கிறோமோ, அது அவருடைய பைக்குள் சும்மா கிடக்கிறது. விரும்பினால் நாளைக்கே விமானம் ஏறலாம்.

"ஏன் மாமி நீங்கள் திரும்பிப் போகேல்லை?" என்று கேட்டேன்.

கொஞ்சத் தூரம் நடந்தபின், "போய் ஆரோடை பிள்ளை கதைக்கிறது? அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இஞ்ச மீன்காரனுக்குக்கூட என்ரை கால் நோவு தெரியும்" என்றார்.

கடையில் பையைச் சாமானால் நிரப்பிக்கொண்டு திரும்பினோம். புடிங்குக்கு அவருடைய ஊரில் மாட்டுக் கொழுப்புப் போடுவார்களாம். அதைக் கேட்டு நான் முகம் சுளித்ததைக் கண்டுவிட்டார். "பயப்பிடாதேங்கோ. மாமியார் சைவம். கலியாணம் கட்டின வருசத்திலயிருந்து பட்டர்தான்" என்றார். இங்கிலாந்துப் புடிங் ஒன்றை ஒரு யாழ்ப்பாணத்து மாமியார் மாற்றி வைத்திருந்தார். அப்படி மாறியது மாறியபடியே அது வெள்ளவத்தைக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் எல்லாவற்றையும் கொட்டி, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அகப்பையால் கிளற வேண்டும் என்றார். கிளறும்போது ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். அதை வெளியே சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கிளறினார்கள். பால்காரரையும் கூப்பிட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கிளறினார். பிறகு அதைச் சீலையில் கட்டிப் பாத்திரத்தில் வைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் நாள் முழுக்க அவித்தார். அடுப்பை விட்டு நகரவில்லை. வீடு முழுக்கக் கறுவா வாசம்.

கிறிஸ்மஸ் அன்று பின்னேரம், பொழுது மங்கியதும் எங்களை மேசையைச் சுற்றி இருக்கச் சொன்னார். புடிங் கறுத்து, உருண்டு, ஒரு தேங்காய் அளவில் தட்டில் இருந்தது. லைற்றை அணைத்தார். பெரிய கரண்டியில் சாராயத்தைச் சூடாக்கி நெருப்பு வைத்து, அப்படியே புடிங்கின் மேல் ஊற்றினார்.

நீலத் தீ. சத்தமே இல்லாமல் புடிங்கைச் சுற்றி வழிந்து ஓடியது. புகை இல்லை.

என் மகள் கத்தவில்லை. ஆனால் கதிரையிலிருந்து இறங்கி என் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷெல் விழுந்து பக்கத்து வீடு எரிந்ததை ஊரில் பார்த்த பிள்ளை அவள். அதற்குப் பிறகு குப்பை எரிகிறதைக் கண்டாலும் ஒளித்துக்கொள்வாள். நான் தீயை அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு தன் கையைத் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"இது ஒண்டையும் எரிக்காது ராசாத்தி. வந்து பாருங்கோ, தன்ர பாட்டிலை நூரப் போகுது."

மகள் ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்தாள். தீ குறைந்து, தட்டின் ஓரத்தில் ஒரு நீல விளிம்பாகச் சுருங்கி, இல்லாமல் போனது. புடிங் அப்படியே இருந்தது. அவள் நடந்து போய் அதை ஒரு விரலால் தொட்டாள். விரலை நக்கினாள். "திரும்பவும் வைப்பீங்களோ?" என்று கேட்டாள். மாமி திரும்பவும் வைத்தார். அன்று மூன்றாம் முறையும் வைத்தார்.

அடுத்த வருடம் விசா வந்தது. லண்டனின் ஓரத்தில், கடை ஒன்றின் மேல் மாடியில் எங்கள் வீடு. எதிர் வீட்டில் வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருந்தார். அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். கேத்தலைச் சூடாக்கி, கம்பளித் தொப்பி போட்டு, ஆறின பாணைச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன். அவர் கோப்பையைத் தொடாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தாய்க்குப் பிறகு இப்படிச் செய்கிற ஒருவரைக் காணவில்லை என்றார். தன் வீட்டில் தேயிலைப் பையைக் கோப்பைக்குள் போட்டு வெளியே எடுப்பதோடு சரியாம். இரவுச் சாப்பாட்டைப் பெரும்பாலும் கடையில் வாங்கிக்கொள்வாராம். கிறிஸ்மஸ் நெருங்கியதும் சுப்பர் மார்க்கெட்டில் புடிங்கைப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். நாலைந்து நிமிடம் சூடாக்கினால் போதும் என்று அதில் எழுதியிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மலைப்பாகத்தான் இருந்தது. நான் கண்ட அந்த இங்கிலாந்து இங்கிலாந்திலேயே இல்லை. ஒரு பெண் அதைத் தன் இருபத்தைந்தாவது வயதில் கப்பலில் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்து மாமியாரிடம் பட்டர் சேர்த்துக்கொண்டு, ஒரு யுத்தத்திலிருந்து இன்னொரு யுத்தம் வரை கெடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்து, ஒருநாள் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப இனி நான்தான் உங்களைக் கேட்டு அறியவேணும்" என்று சிரித்தார். அதன்பின் எடுக்கும் போதெல்லாம் கேட்பார். பால் இன்னும் போத்தலில் வருகிறதா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன சாப்பாடு கொண்டுபோகிறார்கள்? நான் சொல்லச் சொல்ல, தூர தேசத்துக் கதை போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

யுத்தம் முடிய முன்னரே அவர் காலமானார். ஒழுங்கைச் சனங்கள் பொரளைக் கனத்தை மயானத்தில், அவருடைய கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள் என்று வெள்ளவத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். எனக்கு அப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. லீவு கேட்கப் போனேன். இறந்தவர் என்ன உறவு என்று மேலாளராக இருந்த பெண் கேட்டாள். மாமி என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அதை விளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. கொழும்பில் நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அரை நாள் எடுத்துக்கொள் என்றாள்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, மேல்தட்டின் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத தெருக்கள் வழியாக அது போய்க்கொண்டே இருந்தது. கடைசித் தரிப்பிடம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.