அம்மாள் ஓட்டோவில் ஏறிய திங்கட்கிழமை

அம்மாளை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நம்பிக்கை ஆட்டம் கண்டிருப்பவர்களும் வாசிக்கலாம். அன்று எனக்கும் ஆட்டம் கண்டுதான் இருந்தது.

கடந்த பங்குனியில் கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு அம்மாள் வந்தாள். என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலில் காய்ச்சல்; மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் அம்மைக் கொப்புளங்கள். அவரைத் தாய்போல வளர்த்த அக்கா, என் மச்சாள், அன்றே உடுப்புப் பையோடு வந்துவிட்டார். வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். அடுப்பில் தாளிக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான்.

மருந்து என்று நான் வாய் திறந்ததும்தான் மச்சாளோடு பிரச்சினை.

"அம்மாள் வந்திருக்கேக்கை ஊசி போடுறதோ? அவவைத் துரத்துறதுக்குச் சமன். விசர்க் கதை கதையாதை."

கொழும்பில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் கத்தினாள். "அம்மா, உது வைரஸ். இந்தக் காலத்திலையும் அம்மாள் கிம்மாள் எண்டுகொண்டு... அப்பாவை உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

ஒருவர் மருந்தே வேண்டாம் என்கிறார். மற்றவள் தெய்வமே இல்லை என்கிறாள். இரண்டு பேரிலும் எனக்கு எரிச்சல். கணவரோ, "அக்கா சொல்லுறபடி செய்வம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நாலாம் நாள் இருமல் தொடங்கியது. ஞாயிறன்று இரண்டு சொல் பேசினாலே மூச்சு வாங்கியது. நான் கெஞ்சியதில் மச்சாள் பூ வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்புச் செவ்வரத்தையையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து அம்மன் படத்தின் முன் வைத்தோம். வெள்ளைப் பூ வந்தால் ஆஸ்பத்திரி. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"பாத்தியே? அவ சொல்லிப்போட்டா."

ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அன்று ஆத்திரத்தில் ஒரு வரியும் எழுதவில்லை.

மறுநாள் பங்குனித் திங்கள். முத்துமாரி அம்மன் கோயிலில் பொங்கல். அம்மாள் வந்த வீட்டார் கோயிலுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் மதிலுக்கு வெளியே, வெயிலில் நின்றேன். உள்ளே மணி அடித்தது. நான் கும்பிடவில்லை. அம்மாளோடு சண்டை பிடித்தேன்.

"நீ என்ரை வீட்டுக்கை வரலாம், நான் உன்ரை வீட்டுக்கை வரக் கூடாதோ? அந்த நாளையிலை மருந்து இல்லை, சனத்துக்கு உன்னை விட்டால் ஆர்? இப்ப மருந்து இருக்கு. இப்பவும் நீ இருக்கிறியெண்டால் அந்த மனுசியின்ரை மனசை மாத்து. என்னாலை ஏலாது."

அழுதபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

படலையடியில் மச்சாள் நின்றார். கையில் வேப்பங்கொத்து.

"எங்கை போனனீ? தம்பியின்ரை உதடு நீலமாக் கிடக்கு. ஓட்டோவைக் கூப்பிடு."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "சிவப்புப் பூவெல்லோ வந்தது, மச்சாள்?"

"பூவைத் தூக்கிக் குப்பையிலை போடு. விசிறிக்கொண்டிருந்தனான். கோயில் மணி கேட்டுது. பெத்த தாயெண்டால் உப்பிடிப் பாத்துக்கொண்டிருப்பாளோ எண்டு ஆரோ நெஞ்சுக்கை கேட்ட மாதிரி இருந்தது. நாங்கள் அவவை ஒண்டும் துரத்தேல்லை. அவவும் எங்களோடை ஏறி வருவா."

வேப்பங்கொத்தோடு மச்சாள்தான் ஓட்டோவில் முதலில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் தனி அறை, ஒட்சிசன், ஊசிகள். நோய் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. இனியும் பிந்தியிருந்தால் காப்பாற்றுவது கடினம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். சித்திரை பிறந்த பிறகு என் கணவர் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது மச்சாள் வேப்பிலைதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்கிறார். மகள் மருந்துதான் என்கிறாள். இருவரோடும் வாதாடிக் களைத்துவிட்டேன். கல்லாக இருந்த ஒரு மனம் இளக வேண்டும் என்றுதான் அன்று நான் கேட்டேன். இளகியது. அதை டொக்டரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. பழைய தெய்வங்கள் இந்தக் காலத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடமுள்ள பதில் இவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கும் அவள் வந்தால் வேப்பிலை கட்டுங்கள். அன்றைக்கே டொக்டரிடமும் போங்கள். மனம் நொந்தால் அவளை ஏசுங்கள், கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு அவளோடு இருந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. செவ்வாய்தோறும் கோயிலுக்கு உள்ளே போய், நேருக்கு நேர் நின்று, அதையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.